படத்தைத் திருப்பிப் போட்டால் தேடுபொறி ஏமாறுமா?

செய்திக்கு வரும் படங்கள் உண்மையானவையா என்று சரிபார்ப்பது என் வேலை. படத்தை வைத்துப் படம் தேடுவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, என் படத்தின் நிறத்தை மாற்றி, இடவலமாகத் திருப்பிப் போட்டால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாதுதானே?

முடியும் தம்பி. இந்தத் தேடலின் எளிய முறை ஒன்றைச் சொல்கிறேன். படத்தின் நிறத்தை நீக்கி, 9க்கு 8 என்று வெறும் 72 கட்டங்களாகச் சுருக்குவார்கள். ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 9 கட்டங்களில், ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைவிட வெளிச்சமா, இருட்டா என்று பார்த்து 1 அல்லது 0 போடுவார்கள். ஒரு வரிசைக்கு 8 ஒப்பீடு, மொத்தம் 8 வரிசை. கிடைக்கும் 64 இலக்கங்கள்தாம் படத்தின் கைரேகை. நிறத்தை எப்படி மாற்றினாலும் அது பெரும்பாலும் கலையாது. நாலைந்து இலக்கம் மாறினாலும் அதே படம் என்றே கொள்ளப்படும். திருப்பிப் போட்டால் இந்த முறை தடுமாறும், உண்மைதான். ஆனால் தேடுபவரும் திருப்பிப் பார்ப்பாரே! நான் தினமும் அதைத்தான் செய்கிறேன். கூகுளின் படத்தேடல் கருவியான லென்ஸோ உங்கள் பின்னால் நிற்கும் கோபுரத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிடும். மறைவாக இருக்க வேண்டிய கணக்கில், வேறெங்கும் போடாத புதுப் படத்தைப் போடுங்கள்.

முகத்தை மறைக்கும் மென்பொருள் உண்டாமே?

சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2020இல் 'ஃபாக்ஸ்' (Fawkes) என்ற ஒன்றை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களைச் செய்து, முகமறியும் நிரல்களைத் தவறாகக் கற்க வைப்பது அதன் நோக்கம். அதே படத்தைத் தேடுவதை அது தடுக்காது. பின்னால் வந்த முகமறியும் நிரல்கள் ஃபாக்ஸையும் தாண்டிவிட்டன.

வேறு கடையின் படங்களை மாற்றி என் விற்பனைப் பக்கத்தில் போட வேண்டும். எப்படி?

சொல்ல மாட்டேன். அது இன்னொருவரின் உழைப்பு.

என் அந்தரங்கப் படத்தைப் பரப்பிவிடுவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான். என்ன செய்வது, அக்கா?

முதலில், தவறு உங்களுடையது அல்ல, தங்கையே. பணம் கொடுக்காதீர்கள். மிரட்டல் செய்திகளைச் சேமித்து வைத்து, இந்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். ஒப்புதலின்றி அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க 2021இல் தொடங்கிய 'ஸ்டாப் என்சிஐஐ' (StopNCII) சேவை, 18 வயது நிறைந்தவர்களுக்கு உதவுகிறது. அது உங்கள் கைப்பேசியிலேயே கைரேகையை எடுக்கும். படம் வெளியே போகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அந்தக் கைரேகையோடு பொருந்தும் படங்களைத் தடுக்கும். அவன் படத்தை வெட்டி மாற்றினால் பொருந்தாமல் போகலாம். மாற்றிய படம் கிடைத்தால் அதையும் பதியுங்கள். அச்சத்தில் உங்களிடமுள்ள மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். கைரேகை எடுக்க அது வேண்டும்.