கடல்பாசி எடுக்கும் அம்மாவுக்கு ஒரு பதில்

அக்கா, மகளை மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தீர்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். உங்களுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒதுக்க முடியவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "சார், தீவுப் பக்கம் போனா வனத்துறைக்காரங்க திருப்பி அனுப்புறாங்க. இவ என்னடான்னா அவங்களோட சேந்து வேலை பாக்கணும்ங்குறா. இதுக்கா நான் தண்ணிக்குள்ள கெடந்து படிக்க வச்சேன்?"

அன்றைக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் உங்கள் கோபம். அதில் நியாயம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளையும் 1986-இல் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். உங்கள் அம்மாவும் பாட்டியும் பாசி எடுத்த இடமெல்லாம் அன்றைக்கு ஒரு வரைபடக் கோட்டுக்குள் போய்விட்டது. 2001-இல் கடல் அட்டை பிடிக்கவும் தடை வந்தது. அட்டைக்குக் குளித்துப் பிழைத்தவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்வார்கள் என்று யாரும் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. பவளப்பாறை செத்தால் மீன் குறையும், மீன் குறைந்தால் பாடு இருக்காது. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வந்தவர்கள் தொப்பி மாட்டி, பதாகை பிடித்து, கடற்கரையில் பேரணி நடத்திவிட்டு, பிஸ்கட் கவரை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். அதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, இதே கரையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பாசிப் பெண்கள் தங்களுக்குள் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள். தீவையும் கடலையும் காப்பவர்களுக்குத் தரப்படும் விருது அது. அவருக்குப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கடலைக் காப்பது என்றாலே உங்களுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பது என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்தே அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மகளை நான் ஒரு சின்னச் சோதனை செய்தேன், கவனித்தீர்களா? மேஜையில் நாலு பாசிப் படங்களை வைத்தேன். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப் பாசி, பக்கோடா என்று கடகடவென்று சொல்லிவிட்டாள். மரிக்கொழுந்தை வேரோடு பிடுங்கக் கூடாது, கிள்ளித்தான் எடுக்க வேண்டும், அடி இருந்தால்தான் மறுபடி தழைக்கும் என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். உங்கள் விரலைக் காட்டினாள். பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிச் சுற்றி வெளுத்துப்போன விரல். லத்தீன் பெயரை மனப்பாடமாக ஒப்பிக்கிற முதுகலைப் பட்டதாரிகள் என்னிடம் வருகிறார்கள். வாடைக் காற்றில் எந்தப் பக்கம் கலங்கும், நீவாடு, அதாவது நீரோட்டம், எப்போது மாறும் என்று அவர்களுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். குறைவது சான்றிதழ் மட்டும்தான்.

அதற்கு வழி சொல்கிறேன். என் முதல் தேர்வு பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வளப் பட்டப்படிப்பு. நாலு வருஷம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. நமக்குப் பக்கம் என்றால் தூத்துக்குடிக் கல்லூரி. 1977-இல் தொடங்கியது, இந்தக் கரையை நன்றாக அறிந்த கல்லூரி. நீட் வேண்டாம், +2 மதிப்பெண்தான். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2021-இல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம், மீன்வளம் எல்லாவற்றுக்கும் அது உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். விண்ணப்பத்தில் அந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டுவிட்டு அப்புறம் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

மீன்வளம் கிடைக்காவிட்டால் ராமநாதபுரம் அரசுக் கல்லூரியில் விலங்கியல் சேரட்டும். ஆனால் பி.எஸ்சி.யோடு நின்றால் இந்தத் துறையில் கதவு திறக்காது. முதுகலைக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. இரண்டும் கடலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் படிப்பு புத்தகத்தோடு முடியாது.

ஒரு எச்சரிக்கை. 'மரைன்' என்ற வார்த்தையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அப்பா வந்தார். வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டி மகனைச் சேர்த்திருந்தார். 'மரைன்' என்று போட்டிருந்தார்களாம். எடுத்துப் பார்த்தால் கப்பலில் வேலைக்குப் போகிற படிப்பு. பையனுக்கோ ஆமையும் பவளமும்தான் ஆசை. கட்டிய பணம் திரும்பவில்லை. அதனால் எந்த ஏஜெண்ட் நோட்டீஸ் கொடுத்தாலும் என்னிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி, நீங்கள் கேட்கத் தயங்கிய விஷயம்: சம்பளம். மறைக்காமல் சொல்கிறேன். கடல்வளப் பாதுகாப்புத் துறையில் ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் திட்ட வேலைகள். இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஓடும், நிதி முடிந்தால் வேலையும் முடியும். ஆகவே மகள் ஒரு காலை அரசுத் தேர்வுப் பக்கமும் வைத்திருக்க வேண்டும். மீன்வளம் படித்தவர்களுக்கு மீன்வளத் துறையில் சார் ஆய்வாளர், ஆய்வாளர் பணிகள் உண்டு. வனக்காப்பாளர் பணிக்கு இப்போது குரூப் 4 தேர்வு வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். அதில் பெண்கள் 4 மணி நேரத்தில் 16 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். தலையில் ஈரப் பாசிச் சாக்கோடு நீங்கள் நடக்கிற நடைக்கு அது ஒன்றும் இல்லை. இவளுக்குப் பழக்கப்படுத்துங்கள், போனிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

வேலை என்றால் என்ன வேலை என்று கேட்டீர்கள். விடிவதற்கு முன் மண்டபம் இறங்குதளத்தில் நின்று, எந்தப் படகில் என்ன மீன் எவ்வளவு வந்தது என்று எழுதுவது ஒரு வேலை. அளவு நாடாவைப் பவளப்பாறை மேல் விரித்து, அதன் கீழே உயிருள்ள பவளம் எது, செத்தது எது, பாசி மூடியது எது என்று தண்ணீருக்குள்ளேயே பலகையில் பென்சிலால் எழுதுவது இன்னொன்று. உங்கள் மகள் நன்றாக முக்குளிப்பாளாமே. அது இங்கே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதுதான் மீதி. அதற்கு இப்போதிருந்தே தினமும் ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும்.

ஆனால் அவள் கண்ணில் நான் பார்த்தது ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற வேலைக்கான ஆசை. சுற்றுச்சூழல் கல்வி என்று அதற்குப் பெயர். இதில்தான் ஆள் பஞ்சம். ஆவுளியாவைக் கடல் பசு என்று மேடையில் பேசுவது சுலபம். வலையில் ஆவுளியா மாட்டினால் வலையை அறுத்துவிட வேண்டும், அப்போது வலைக்கு ஆகிற நஷ்டம் எவ்வளவு என்று தெரிந்தவள் பேசினால்தான் நாட்டுப்படகுக்காரர் உட்கார்ந்து கேட்பார். தாழை, அதாவது கடல்புல், இருக்கிற இடத்தில்தான் ஆவுளியா மேயும், அதே தாழைக்குள்தான் நண்டும் இறாலும் குஞ்சு வளர்க்கும் என்று அவர் மொழியில் சொல்ல வேண்டும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். இந்த மாதிரி அறிவிப்பு வருகிறபோதெல்லாம், கரைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர் தேவைப்படுகிறார்.

படிக்கும்போதே அவள் இதைத் தொடங்கலாம். பாம்பனில் கடல் ஓசை என்று 90.4-இல் வானொலி ஓடுகிறது, மீனவர்களுக்காகவே நடத்துவது. அங்கே போய்ப் பேசக் கேட்டுப் பார்க்கட்டும். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விட்டு, சமைத்துப் போட்டு, வருகிறவர்களுக்குக் காட்டை விளக்குவதில் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஊர்க்காரர்களே இந்த வேலை பார்ப்பதை நீங்களும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

தீவுப் பக்கம் உங்களைத் திருப்பி அனுப்புவது மகள் படித்து முடித்ததும் நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் அப்படியே இருக்கும். திருப்பி அனுப்புகிற அந்த அலுவலக மேஜைக்குப் பின்னால், பாசிச் சாக்கின் கனம் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

சரி, அடுத்த முறை வரும்போது +2 மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று, உங்கள் வீட்டுக்காரரின் மீனவர் நலவாரிய அட்டை எல்லாம் எடுத்து வாருங்கள். மீனவர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டுக்கும் ஆவணம் கேட்பார்கள். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து வாருங்கள், ஒரு நாள் கூலி போக வேண்டாம்.