ஜெபத்தில் என்ன பேசுவது? உபதேசியாரிடம் கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. ஜெபத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தேரிக்காட்டுச் செம்மண் ஊர்ச் சபைகளில் 31 வருஷம் உபதேசியாராக, அதாவது ஐயருக்கு (போதகருக்கு) உதவியாக வேதம் போதிக்கிறவனாக இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: ஐயா, முழங்கால் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. எப்படி நீட்டுவது?

நீட்ட வேண்டாம் மகளே. வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மலைப்பிரசங்கத்திலேயே இருக்கிறது. அம்மாவோடு போட்ட சண்டை, பக்கத்துப் பெண்ணின் மார்க்கைப் பார்த்து வந்த பொறாமை, இதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறாயா? ஆலயத்தில் பெரியவர்கள் சொல்லும் வார்த்தைகளையே நீயும் சொன்னால் பேச்சு தீரத்தான் செய்யும். அவை உன்னுடையவை இல்லையே. வேதத்திலுள்ள ஜெபப் பாட்டுகளான சங்கீதங்களில் ஒன்றை மெதுவாக வாசி. எந்த வரி மனதைப் பிடிக்கிறதோ அங்கே நின்று, அதைப் பற்றி அவரிடம் பேசு. பேச்சு தீர்ந்தால் சும்மா உட்கார்ந்திரு.

நாசரேத்: காலை நாலு மணி ஜெபத்துக்குத்தான் பலன் என்கிறார்களே?

இயேசு இருட்டோடே எழுந்தும் ஜெபித்தார், இராமுழுவதும் மலையிலிருந்தும் ஜெபித்தார். என் அம்மா விடிலியில், கருப்பட்டி காய்ச்சும் குடிசையில், பதநீர் காய்ச்சும்போது ஜெபிப்பாள். பொங்கிவிடுமே என்று கண்ணைத் திறந்துகொண்டேதான் ஜெபிப்பாள். அந்த ஜெபத்தில் வளர்ந்தவன் நான்.

சாத்தான்குளம், ஒரு தாய்: மூணு வருஷமாக மகனுக்காக ஜெபிக்கிறேன். குடி நிற்கவில்லை. எனக்கு விசுவாசம் போதாதா?

அம்மா, அப்படி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சங்கீதம் 13ஐ எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வசனத்திலேயே நாலு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறார் தாவீது. அந்தக் கேள்வியை வேதமே ஜெபமாக வைத்திருக்கிறது. நீங்களும் அப்படிக் கேட்கலாம்.

டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல் விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஜெபிக்கிற ஆட்களுக்கு அங்கே பஞ்சமா? ஆனாலும் 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார். அவருடைய விசுவாசத்தை யாராவது குறை சொல்வோமா?

மகனை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதுவும் ஜெபத்தோடு சேர்ந்ததுதான். காணிக்கை அனுப்பினால் ஜெபிக்கிறோம் என்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இடையன்குடி: ஆராதனைப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது ஜெபமா? அதில் ஆவியானவர் எங்கே இருக்கிறார்?

தம்பி, சிலுவையில் இயேசு ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கூப்பிட்டாரே, அது சங்கீதம் 22. தன் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வார்த்தையைத்தான் அந்த வேதனையில் எடுத்துக்கொண்டார். என் தகப்பனார் இறந்த அன்று எனக்குச் சொந்த வார்த்தை ஒன்றுமே வரவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம்தான் தாங்கிப் பிடித்தது.

மெஞ்ஞானபுரம்: நன்றாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி! புத்தகம் இல்லாமல் ஜெபிக்கிறவர்கள் உளறத்தான் செய்கிறார்கள்.

அப்படி நான் சொல்லவில்லை. பிடிபடுவதற்கு முன்னே கெத்செமனே தோட்டத்தில் இயேசு சொந்த வார்த்தையில்தான் ஜெபித்தார். இரண்டும் வேண்டும்.

இடையன்குடி: இரண்டும் வேண்டும் என்பது மழுப்பல். அந்தக் கால மிஷனெரி ரேனியஸ் ஐயர் சபை முறைமைகளை எதிர்த்து நிற்கவில்லையா?

நின்றார். 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த லுத்தரன் அவர். இங்கிலாந்து சபையின் முறைமைகளைக் குறைகூறி எழுதியதால், 1835ல் அவரை அனுப்பிய அந்தச் சபையின் மிஷனெரி சங்கமே உறவை முறித்துக்கொண்டது. அப்புறம் என்ன ஆனது? திருநெல்வேலிச் சபை இரண்டாகப் பிளந்தது. 1838ல் அவர் மறைந்தபிறகுதான் அந்தப் பிளவு ஆறியது. அவர் பெரிய மனுஷர், எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஜெபிக்கக் கூடினவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போன அந்த நாட்களை இங்கே மறுபடியும் கொண்டுவர வேண்டாம். இரண்டு பேருமே இன்றைக்கு ஒரு தடவை தனியாக ஜெபித்துவிட்டு வாருங்கள்.

திசையன்விளை: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஜெபிக்க வேண்டும்?

நாசரேத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.

உடன்குடி: எந்த நேரத்து ஜெபம் சீக்கிரம் கேட்கப்படும்?

மேலே சொல்லிவிட்டேன்.

வள்ளியூர்: ஆவியில் நிறைந்து அந்நிய பாஷையில் ஜெபிப்பது கட்டாயமா?

உங்கள் ஐயரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். இது நாலு வரியில் தீராது.

தூத்துக்குடி: வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளம் முழுவதும் தருகிறேன் என்று பொருத்தனை பண்ணலாமா?

ஆண்டவரோடு பேரம் வேண்டாம். வேலை வேண்டும், பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். வேலை வாங்கித் தர ஜெபிக்கிறேன் என்று பணம் கேட்கிறவர் பக்கமே போகாதீர்கள்.

சாத்தான்குளம், அதே தாய்: ஐயா, சங்கீதம் 13 வாசித்தேன். அழுகைதான் வந்தது. ஜெபம் வரவில்லை.

அழுதது யார் முன்னால் அம்மா? அவர் முன்னால்தானே. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ல் பவுல் எழுதியிருக்கிறார். நாளைக்கும் அதே இடத்தில் உட்காருங்கள். மகன் பேரை எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ராத்திரி நானும் வீட்டுக்காரியும் அவனுக்காக முழங்கால் போடுகிறோம்.