தொட்டால் விரலை விரிக்கிறாள், தொடலாமா?

கேள்வி: 30 வாரத்தில் பிறந்த என் மகளின் எடை 1,250 கிராம். 12 நாளாக என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறாள். நான் தலையைத் தடவினால் விரல்களை விறைப்பாக விரிக்கிறாள், விக்கல் வருகிறது, மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவும் இறங்குகிறது. என் கை ராசியில்லை என்கிறார் மாமியார். தொடாமல் இருந்துவிடவா?

பதில்: ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. இன்னும் எட்டு வாரம் வயிற்று இருட்டுக்குள் சுருண்டு கிடக்க வேண்டியவள். இப்போது வெளிச்சம், அலாரம், ஊசி, பிளாஸ்டர் உரிப்பு. வாய்விட்டு அழத் தெம்பில்லை. அதனால் விரலை விரித்தும் விக்கியும் கொட்டாவி விட்டும் 'போதும்' என்கிறாள். அவள் வேண்டாம் என்பது தடவலைத்தான், உங்களை அல்ல.

லேசாகத் தடவினால் அந்தத் தோலுக்குக் கூசும். சோப்புப் போட்டுக் கழுவி, கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கையைத் தொப்பி போலத் தலையிலும், மறு கையை மடக்கிய கால்களின் மேலும் வைத்து, அசைக்காமல் இருங்கள். அப்போது பேச்சு வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அவள் கை முகத்துக்குப் போகும், வாய் சப்பும். சரி, பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அசையாமல் கிடப்பதெல்லாம் அமைதி ஆகாது. நிம்மதியாகத் தூங்கும் குழந்தைக்குக் கை கால் மடங்கியிருக்கும், நிறம் மாறாது. துவண்டு, கை காலைத் தொங்கப்போட்டு, வெளிறிக் கிடந்தால் அது வேறு; நோய்த்தொற்றாகக்கூட இருக்கலாம். நேற்று விரலை விரித்தவள் இன்று எதற்கும் அசையவில்லை என்றால் 'சமர்த்தாக இருக்கிறாள்' என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு நின்றாலோ நீலம் பாய்ந்தாலோ அப்படியேதான்.

அப்புறம், கங்காரு முறை; அதாவது குழந்தையைத் தோலோடு தோல் படும்படி நெஞ்சில் அணைத்து வைப்பது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே நெஞ்சோடு அணைத்து வைத்ததில் இறப்பு கால்வாசி குறைந்தது. தினம் 8 மணி நேரமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே பல வார்டுகளில் பெற்றவளையே பார்வையாளராக எண்ணி, பத்து நிமிடம் நிற்கவைத்து அனுப்புகிறார்கள். உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இது எனக்கு ஆறவே இல்லை. ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் 'கங்காரு முறை எப்போது ஆரம்பிக்கலாம்?' என்று கேளுங்கள்.

'இங்கே வைத்தால் பிழைக்காது, ஆம்புலன்ஸ் ரெடி' என்று வாசலில் காதைக் கடிக்கும் புரோக்கருக்குக் கமிஷன்தான் குறி. வழியில் உடம்பு குளிர்ந்தாலே இந்த எடைக்கு ஆபத்து. மாற்றத்தான் வேண்டுமென்றால் டாக்டர் எழுதித் தரட்டும். பச்சிளம் குழந்தைக்கென்றே 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. கழுதைப்பால் விற்பவர் சங்கை நீட்டினாலும் ஒரு சொட்டுகூடக் கூடாது.

மாமியாரையும் கங்காரு முறைக்குப் பழக்குங்கள். நீங்கள் அசந்து தூங்கும் நேரத்தில் பேத்தி அவர் நெஞ்சில் கிடக்கட்டும்.