அப்பாவின் பழைய ஒலிம்பஸ் ட்ரிப் 35 கெமராவில் பெட்டரி போட இடமே இல்லை. இது இனி வேலை செய்யுமா, அழகுக்கு வைப்பதா?

செய்யும். தயவுசெய்து ஷோகேசில் வைத்து மூடிவிடாதீர்கள். அலுமாரி ஒதுக்கும்போது அகப்பட்டிருக்கும், கடைக்காரர் "பழசு, தூக்கிப் போடுங்க" என்றிருப்பார் என நினைக்கிறேன்.

1967இல் வந்த கெமரா அது. லென்ஸைச் சுற்றிக் கண்ணாடிபோன்ற குமிழ்கள் தெரிகிறதல்லவா, அதற்குப் பின்னால் இருப்பது செலினியம். வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தரும். அதை வைத்தே லென்ஸ் துளையின் அளவையும், 1/40, 1/200 வினாடி என்ற இரண்டு வேகங்களில் ஒன்றையும் கெமரா தானே எடுத்துக்கொள்ளும். பிலிம் சக்கரத்தைச் சுற்றி, லென்ஸ் துளை வளையத்தை 'ஏ'யில் வைத்து, உள்ளங்கையால் லென்ஸை மூடி அழுத்திப் பாருங்கள். பார்க்கும் துவாரத்துக்குள் சிவப்பு நாக்கு எழும்ப வேண்டும், பட்டன் இறங்கக்கூடாது. வெளிச்சத்தில் இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் செலினியம் உயிரோடு இருக்கிறது. செத்திருந்தாலும் அதே வளையத்தை எண்களில் வைத்து 1/40இல் எடுக்கலாம்.

இதையெல்லாம் எனக்குக் காட்டித் தந்தது மாமா. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன தோட்டக் குடும்பங்களை எழுபதுகளில் இந்தக் கெமராவில்தான் எடுத்தார். லயத்துக் காம்பராவுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள், பகலிலும் இருட்டு, அழுத்தினால் சிவப்பு நாக்குதான். அதனால் எல்லோரும் வெளியே வந்தாக வேண்டும். நடக்கமுடியாத ஒரு பாட்டியை நாற்காலியோடு தூக்கிவந்து இஸ்தோப்புக்கு (வீட்டுத் திண்ணைக்கு) முன்னால் இருத்தினார்கள். பக்கத்தில் தகரப்பெட்டி, பாட்டியின் மடியில் கடைசிப் பேரன். மாமா தூரம் வைக்கும் வளையத்தை மூன்று பேர் போட்ட அடையாளத்துக்குத் திருப்பினார். அது மூன்று மீற்றர். ஒரு தலை என்றால் ஒரு மீற்றர், இரண்டு பேர் ஒன்றரை, மலை என்றால் தூரக்காட்சி. காம்பராவின் உள்பக்கம் தெரிகிற படம் ஒன்றுகூட மாமாவிடம் இல்லாததற்குக் காரணம் அந்த இருட்டுதான்.

அந்த நெகட்டிவ்கள் இன்று எங்களிடம் இல்லை. நினைவு மலர் போடுகிறோம் என்று வந்தவர்கள் பெட்டியோடு வாங்கிப்போனார்கள். மலரும் வரவில்லை, நெகட்டிவும் வரவில்லை. கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். மடியில் இருந்த அந்தப் பேரன் திருச்சியிலிருந்து கேட்கிறார், "பாட்டி படம் ஒன்னு இருந்துச்சே அண்ணே?" என்று. நான் என்ன சொல்ல? நம்ம சனத்தின் சரித்திரம் எழுதுகிறோம் என்பவர்களே இப்படிச் செய்தால் யாரிடம் போவது? கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

"போனிலேயே நல்லா வருமே" என்று எழுத வருகிறவர்களுக்கு: வரும், மறுக்கவில்லை. கேட்டவர் அப்பாவின் கெமராவைப் பற்றிக் கேட்கிறார். நான் ஸ்டூடியோக்காரன் இல்லை, பாவித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நம் பக்கத்து ஈரம் லென்ஸுக்கு எமன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், உள்ளே சிலந்தி நூல்போல் ஓடியிருந்தால் பூஞ்சணம். திருத்துபவரிடம் கொடுத்துத் துடைப்பியுங்கள். பின்மூடி ஓரத்துக் கறுப்பு ஸ்பொஞ்ச் பிசுபிசுத்திருந்தால் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் பிலிமில் வெளிச்சம் இறங்கும். பனிமூட்டத்தின் வெள்ளை, வெளிச்சம் அளக்கும் மீற்றரை ஏமாற்றி, ஆட்களைக் கறுப்பாக்கிவிடும். அதற்கு 400 வேகப் பிலிமைப் போட்டு, பிலிம் வேகம் வைக்கும் வளையத்தில் 200 வையுங்கள்.

பிலிம் கழுவக் கொடுக்கும்போதே நெகட்டிவ் திருப்பி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிறகு யார் எந்த மலருக்குக் கேட்டாலும் ஸ்கேன் பிரதியை மட்டும் கொடுங்கள்.