வீகோவுக்கு 2 அங்குலம் போதும்

தம்பி, வலை ஏத்திக்கொண்டு மணற்காட்டு மணலுக்குள்ள ஓடுற ஹைலக்ஸ் வீகோ பிக்கப்பை 3 அங்குலம் உயர்த்த, முன்னுக்கு ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேல வைக்கிற இடைத்துண்டு) போடலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். போடாதேங்கோ. அந்த உயரத்தில முன் சில்லைச் சுத்துற தண்டில இருக்கிற சிவி ஜொயின்ற்றின்ர சரிவு கூடி, அதை மூடியிருக்கிற ரப்பர் பூட்டின்ர மடிப்புகள் ஒண்டோடொண்டு உரஞ்சிக் கிழியும். பிறகு மணல் உள்ள போனால் கிறீஸே ஜொயின்ற்றை அரைச்சுப்போடும். 2 அங்குலத்தோட நிப்பாட்டி, அந்த உயரத்துக்கெண்டே வாற கொயில் ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் சேர்த்தே எடுங்கோ. பின்னுக்கு நீள ஷக்கிள் (ஸ்பிரிங் பிளேட்டைச் சட்டத்தோட தொடுக்கிற துண்டு) போட்டால் வாகனத்தை உயர்த்தும், ஆனா பாரம் தாங்காது. வலையின்ர நிறையைச் சொல்லி அதுக்கேத்த ஸ்பிரிங் பிளேட் செற்றைக் கேளுங்கோ. சில்லைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுதோ எண்டும் பாருங்கோ. உயர்த்தின பிறகு சில்லு எலைன்மென்ற் கட்டாயம்.

காசு செலவழிக்க முதல், மணலுக்குள்ள டயர் காத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி மெதுவா ஓடிப் பாருங்கோ. புதையிறது நல்லாக் குறையும். தார் றோட்டுக்கு ஏறினதும் திரும்ப நிரப்புங்கோ.