பேலேகின் நாட்களில் பிரிந்தது எது?

கேள்வி: ஆதியாகமம் 10:25-இல், "ஒருவனுக்குப் பேலேகு என்று பேர்; ஏனெனில், அவனுடைய நாட்களில் பூமி பகுக்கப்பட்டது" என்று இருக்கிறது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்ததைத்தான் இந்தப் பெயர் சொல்கிறது என்று எங்கள் வேதபாட வகுப்பில் உலகப்படத்தை விரித்து விளக்கினார்கள். சரிதானா ஐயா?
– ஒரு வாசகர், நாசரேத்

பதில்: உலகப்படத்தை மடித்து வைத்துவிடச் சொல்லுங்கள். நான் பழைய ஏற்பாடு கற்பித்த காலத்தில் வருஷா வருஷம் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார். கூடவே ஒரு படமும் கொண்டுவருவார்!

கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பது உண்மைதான். 1858-இல் பாரிஸில் ஸ்னைடர்-பெல்லெக்ரினி என்பவர், ஒட்டிய நிலையையும் பிரிந்த நிலையையும் இரண்டு படங்களாக வெளியிட்டார். அவரும் அந்தப் பிளவை வேதாகமத்தோடு முடிச்சுப் போட்டார். ஆனால் பேலேகோடு அல்ல, ஜலப்பிரளயத்தோடு. 1912-இல் ஜெர்மானிய விஞ்ஞானி வெகெனர் கண்டப் பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தார். பிளவு தொடங்கியது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், நகரும் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்கிறார்கள் புவியியலாளர்கள். பேலேகு வாழ்ந்ததோ 239 வருஷம். அதற்குள் அட்லாண்டிக் கடல் சுமார் 5,000 கிலோமீட்டர் விரிய வேண்டுமென்றால், நாளொன்றுக்கு 50 மீட்டருக்கு மேல் தரை ஓடியிருக்க வேண்டும். அப்படியொரு அமளியை, பிரளயத்துக்கு அதிகாரம் அதிகாரமாக இடம் கொடுத்த ஆதியாகமம், ஒரு பெயருக்கான காரணமாகப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகுமா?

குழப்பம் "பூமி" என்ற சொல்லால் வருகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: "பூமியெங்கும் ஒரே பாஷையும், ஒரேவிதமான பேச்சும் இருந்தது." இரண்டு இடத்திலும் எபிரெயத்தில் எரெத்ஸ் என்ற ஒரே சொல்தான். பாஷை பேசியது மண்ணா, மனிதரா? "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்கிறோம். தெருவில் விரிசல் விழுந்ததாக யாரும் நினைப்பதில்லையே.

பேலேகு என்ற பெயருக்கு வேரான வினைக்குப் பகுத்தல், பிரித்தல் என்று பொருள். அது வேதாகமத்தில் அபூர்வமாகத்தான் வருகிறது. 55-ஆம் சங்கீதத்தில் தாவீது எதிரிகளைப் பற்றி, "அவர்கள் பாஷையைப் பிரிந்துபோகப்பண்ணும்" என்று ஜெபிக்கிற இடத்தில் இருப்பது அதே வினைதான். பாஷையும் பிரிவும், கோபுரம் கட்டியவர்களின் பாஷையைக் கர்த்தர் தாறுமாறாக்கிச் சிதறப்பண்ணிய பாபேலை நினைக்காமல் அப்படிச் சேர்ந்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. யோபு 38:25-இல் பெருவெள்ளத்துக்குக் கால்வாய் பகுப்பதற்கும் அதையே சொல்லியிருக்கிறது. அதை வைத்து, பேலேகு காலத்தில் மெசொப்பொத்தாமியாவில் பாசன வாய்க்கால் வெட்டினார்கள் என்று விளக்குகிறவர்களும் உண்டு. அழகான யோசனை, ஆனால் பாபேல் கதை பக்கத்திலேயே இருக்கும்போது வாய்க்காலைத் தேடிப் போவானேன்?

பழைய யூதர்களும் மனிதர் பிரிந்ததாகவே படித்தார்கள். நோவாவின் பிள்ளைகள் நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட ஆரம்பித்த காலத்தில் பிறந்ததால் இந்தப் பெயர் என்கிறது, ஆதியாகமக் கதைகளைத் திரும்பச் சொல்லும் பழைய யூத நூலான யூபிலி நூல். ஜாதிகள் சிதறிய சமயத்தில் பிறந்தவன் என்கிறார் முதல் நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் யோசேபஸ். ராஷி என்ற 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் இங்கே ஒரு சிக்கலைப் பிடித்தார். பேலேகு பிறந்தபோதே ஜனங்கள் சிதறினார்கள் என்றால், அவனுடைய தம்பி யொக்தானுக்குப் பதின்மூன்று பிள்ளைகளும் அவர்கள் வழியில் வம்சங்களும் அதற்குள் எப்படி வந்தன? ஆகவே சிதறியது பேலேகின் கடைசி நாட்களில். தகப்பன் ஏபேர் தீர்க்கதரிசனமாகப் பெயர் வைத்தான் என்று பழைய ரபீக்களின் கணக்கைச் சொல்கிறார். நம் வேதாகமத்தில் உள்ள வயதுகளைக் கூட்டினால் பேலேகு பிரளயத்துக்கு 101 வருஷம் கழித்துப் பிறந்து, 340-ஆம் வருஷம் இறக்கிறான். அப்போது ஆபிராமுக்கு 48 வயது, நோவாவும் உயிரோடு இருக்கிறார்! அப்பா ஏபேர் 464 வருஷம் வாழ்ந்தவர். மகனுக்கு அதில் பாதிதான் கொஞ்சம் கூட. அவனுக்குப் பிறகு அந்த வரிசையில் யாரும் 239-ஐத் தாண்டவில்லை.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது வேறு. பத்தாம் அதிகாரத்தில் பேலேகு பெயரைச் சொன்னவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. தொடர்வது தம்பி யொக்தானின் வரிசை: அல்மோதாத், சாலேப்பு என்று தொடங்கி, அரேபியாவின் தெற்கே போகிற பெயர்கள். அவற்றில் ஆசர்மாவேத் என்பது இன்றைய ஏமன் நாட்டின் ஹத்ரமௌத். அப்புறம் பாபேல் கோபுரம். அது முடிந்த பிறகுதான் பேலேகின் வரிசையை எடுத்து ரெகூ, செரூகு, நாகோர், தேராகு வழியாக ஆபிராமிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஏபேர் குடும்பம் இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில் நிற்கிறவனுக்குத்தான் பிரிவு என்று பெயர். எழுதியவர் தெரிந்தேதான் அப்படி நிறுத்தினார் என்பது என் கட்சி.

கேள்வி: பேரனுக்கு அபூர்வமான வேதாகமப் பெயர் தேடுகிறோம். பேலேகு எனக்குப் பிடித்திருக்கிறது. "பிரிவினை என்று பொருள், அபசகுனம்" என்கிறார் சம்பந்தி.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சம்பந்தியிடம் முதல் சங்கீதத்தைக் காட்டுங்கள். "நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட" மரம் வருகிறதே, அங்கே நீர்க்காலுக்கு எபிரெயச் சொல்லும் பேலேகுதான். லூக்கா 3-இல் இயேசுவின் வம்சவரிசையிலும் இவர் இருக்கிறார். அமெரிக்க விடுதலைப் போரில் ஒரு தளபதியின் பெயர் பேலேகு வாட்ஸ்வொர்த். கவிஞர் லாங்ஃபெல்லோவின் தாத்தா அவர். தாராளமாக வையுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தப் பெயரை என்ன பாடு படுத்துவார்கள் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. வீட்டில் கூப்பிட வேறொரு பெயரும் இருக்கட்டும்.