ஆறாம் தந்தியைக் கழற்றுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு கடைசிவரை ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை) குழுதான் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களின் 'ஸ்டார்ட் மீ அப்' பாட்டில் 12 பார் ப்ளூஸ் எங்கே இருக்கிறது? இன்னொன்று, அதன் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை, சரியான கார்டுகளோடு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களோடு) வாசித்தும் அந்த ஒலி வரவில்லை. ஏன்?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

இரண்டுக்கும் பதில் கிடாரின் சுருதியில், அதாவது தந்திகளைச் சுருதி சேர்க்கும் விதத்தில் இருக்கிறது.

12 பார் என்பது பன்னிரண்டு தாள அளவுகளில் மூன்று கார்டுகள் சுற்றிவரும் ப்ளூஸின் ஒரு வடிவம், அவ்வளவே. இந்தக் குழு பெயர் எடுத்துக்கொண்ட பாட்டையே கேளுங்கள்: ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1950இல் பாடிய 'ரோலின் ஸ்டோன்'. ஒரு குரல், ஒரு எலெக்ட்ரிக் கிடார். கார்டு மாறுவதே இல்லை எனலாம்.

மிசிசிப்பி டெல்டாவில் சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்ற பழைய ப்ளூஸ்காரர்கள் காலத்திலேயே 'ஸ்பானிஷ்' என்றொரு சுருதி உண்டு. (பெயர் 'ஸ்பானிஷ் ஃபண்டாங்கோ' என்ற 19ஆம் நூற்றாண்டு கிடார் துண்டிலிருந்து ஒட்டிக்கொண்டது.) எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும். மடி வாட்டர்ஸ் 1948இல் 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' பாட்டுக்கு ஸ்லைடு (விரலில் மாட்டிய குழாயைத் தந்திமேல் வழுக்குவது) வாசித்தது இதில்தான். ஸ்டோன்ஸ் அதைத் தங்கள் இரண்டாம் ஆல்பத்தில் பாடினார்கள். ஸ்லைடு வாசித்தவர் குழுவின் பிரையன் ஜோன்ஸ். பிறகு குழுவின் இன்னொரு கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் அதே சுருதியை ஸ்லைடு இல்லாமல் விரலால் வாசித்தார், தடித்த ஆறாம் தந்தியையும் கழற்றிவிட்டார். 1969இல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' அப்படிப் பிறந்த ஒலி.

நீங்களும் கழற்றுங்கள். ஐந்தாம் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். மற்ற மூன்றையும் தொட வேண்டாம். ஜி, டி, ஜி, பி, டி. நம் கணக்கில் ச ப ச க ப. இறக்கும்போது ஸ்வரத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போய், ஏற்றி நிறுத்துங்கள். நேராக இறக்கி விட்டால் நாலு தரம் மீட்டியதும் நழுவிவிடும். 009 செட் (முதல் தந்தி 0.009 அங்குலத் தடிமன்) இந்தச் சுருதியில் தொளதொளக்கும், அழுத்தினால் சுருதி ஏறும். 010 அல்லது 011 போடுங்கள்.

இனி ரிஃப். ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தின் ஐந்தாம் கட்டத்தில்) ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வையுங்கள்: சி. அதை எடுக்காமல் நடுவிரலை இரண்டாம் தந்தி ஆறாம் ஃப்ரெட்டிலும், மோதிர விரலை நான்காம் தந்தி ஏழாம் ஃப்ரெட்டிலும் வைத்தால் எஃப் போல ஒலிக்கும். எடுத்தால் மறுபடி சி. இதையே மூன்றாம் ஃப்ரெட்டில் செய்தால் அடுத்த பாதி வந்துவிடும். நீங்கள் சி-யிலிருந்து எஃப்புக்குக் கையையே நகர்த்தியிருப்பீர்கள், பேஸும் (அடி ஸ்வரமும்) கூடவே போயிருக்கும். இங்கே அடியில் சி தம்புரா மாதிரி நிற்கிறது, மேலே இரண்டு விரல்தான் அசைகிறது. 'ரோலின் ஸ்டோன்' செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஆறாம் தந்தி ஏன் வேண்டாம்? ஸ்பானிஷில் அது டி, அதாவது ஆதார ஸ்வரத்துக்கும் கீழே ஒரு பஞ்சமம். டெல்டாக்காரர் தனியாக வாசித்தார், கட்டைவிரலுக்கு அந்த பேஸ் தேவைப்பட்டது. ஸ்டோன்ஸில் அந்த வேலைக்கு பேஸ் கிடார் வாசித்த பில் வைமன் இருந்தார். ஆம்ப்ளிஃபயர் இரையும்போது அந்தத் தந்தியும் சேர்ந்தால் கார்டு குழம்பிவிடும்.

இது பழகியதும் ஸ்டோன்ஸின் 'டம்ப்ளிங் டைஸ்' முயலுங்கள். அதற்கு நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) வேண்டும்.